அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் ஆண்டு வரைதான் எனக்குத் தமிழ்ப்பள்ளி. அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்!

சென்ற ஆண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் புடாபெஸ்ட்டில் படித்தேன். ஹங்கேரி என்றதும் ‘கூலாஷ்’ தானே நினைவுக்கு வரும்? அங்கே அதை ‘குயாஷ்’ என்கிறார்கள், அது சூப். மாடு மேய்ப்பவருக்கும் அதே பெயர்தான். நாம் நினைக்கும் கெட்டியான இறைச்சிக் குழம்புக்குப் பெயர் ‘பொர்கொல்ட்’.

தோழி ஒருத்தி செகெட் நகரில் இருக்கும் தன் பாட்டி வீட்டிற்கு அழைத்துப் போனாள். பப்ரிகா மிளகாய்த்தூளுக்குப் பேர்போன ஊர். அந்தப் பப்ரிகாவிலிருந்து வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த செந்த்-ஜியோர்ஜி அங்கேதான் பேராசிரியராக இருந்தார். 1937-இல் நோபல் பரிசும் பெற்றார்.

பாட்டி என் தட்டில் நொகெட்லியை வைத்தார். குழைத்த மாவை ஓட்டைத் தகட்டில் தேய்த்துக் கொதிநீரில் உதிர்த்து எடுக்கும் சின்னச் சின்ன உருண்டைகள். அதன்மேல் சிவக்கச் சிவக்கக் குழம்பு, பக்கத்தில் வெள்ளரிக்காய் ஊறுகாய். மாட்டிறைச்சி! நான் சாப்பிடுவதில்லை என்று தோழியிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் சொல்லவில்லை.

இறைச்சியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, குழம்பில் ஊறிய நொகெட்லியை விழுங்கினேன். பாட்டி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தோழிக்குப் புரிந்துவிட்டது, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். மேசைமேல் கோழி! பன்றிக்கொழுப்புப் புட்டியைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். எண்ணெயை எடுத்தார். வெங்காயம் நன்றாகக் குழைந்ததும் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். பிறகுதான் பப்ரிகா. அதில் இருக்கும் சர்க்கரை சட்டென்று கருகிக் கசந்துவிடுமாம். பின் கோழியும் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரும். எங்கள் அம்மாவோ மிளகாய்த்தூளை அடுப்பில் வைத்தே வதக்குவார். மிளகாய் இருவருக்குமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். நமக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குத் துருக்கியர் வழியாகப் போனது.

இரண்டு தட்டு சாப்பிட்டேன். முதல்நாள் மிஞ்சியதைப் பாட்டியும் தோழியும் சாப்பிட்டார்கள்.

அன்றிரவு அம்மா தொலைபேசியில், “என்னம்மா சாப்பிட்ட?” என்றார்.

“கோழிக் குழம்பும்மா,” என்றேன்.

முதல்நாள் குழம்பைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை. இந்த இதழ் வீட்டிற்கு வந்ததும் படித்துவிடுவார்.