தாழொலிப் பெட்டி

பெருமாநல்லூரில் வாழ்வார்க்கு ஓசை புதிதன்று. கோவையினின்று சேலஞ் செல்லும் பெருவழியும், திருப்பூரினின்று கோபிசெட்டிபாளையஞ் செல்லும் சாலையும் எம்மூரிற் கூடுகின்றன. பகலிரவென்னாது வண்டிகள் ஓடும். பனியன் நெய்யும் பொறிகள் சுழலும். இத்துணை ஓசைக்கு நடுவே, ஓசையின்றி வாழும் ஒருவர் எம் வீட்டில் இருந்தார். அவர் எம் தந்தையார்.

அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் விசைத்தறியில் உழைத்தவர். தறியின் ஓயாத அடி எமக்குப் பள்ளிக்கட்டணமாயிற்று, அவருக்கோ செவிக்குறையாயிற்று. பெரிய இரைச்சலில் நெடுநாள் உழைப்பார்க்கு முதலிற் கெடுவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் ஆற்றலே என்றும், தாழ்ந்த சுருதிகள் நெடுங்காலம் நிற்கும் என்றும் மருத்துவர் எமக்கு விளக்கினார். செவிக்கருவி வாங்கி அணிவித்தோம். அது பேச்சுக்கு ஒருவாறு உதவிற்று, இசைக்கு உதவவில்லை.

சென்ற பங்குனியிற் கொண்டத்துக்காளியம்மன் கோயிற் குண்டந் திருவிழா வந்தது. காலில் அடிபட்டிருந்தமையால் தந்தையார் அவ்வாண்டு செல்லக்கூடவில்லை. எம் தமையனார் உறுமியும் திடுமமும் முழங்குவதைக் கைப்பேசியிற் பதிந்துவந்து காட்டினார். தந்தையார் சற்று நேரம் உற்றுநோக்கிவிட்டு, “படந்தான் ஓடுது, மேளத்தைக் காணோமேப்பா” என்றார். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி உயர்ந்த சுருதிகளையே நன்கு தரும்; தாழ்ந்தவற்றைத் தாராது. அது தருவதை அவர் செவி ஏலாது. அவர் செவி ஏற்பதை அது தாராது. இவ்வுண்மை புலப்பட்டபோதுதான் சப்வூபர் என வழங்கும் தாழொலிப் பெட்டியொன்றை நாமே செய்வோமென்று யாமும் தமையனாரும் துணிந்தோம்.

கோவையில் மின்னணுப் பொருள் விற்கும் கடையொன்றிற் பகுதிகளைத் தொகுப்பாக வாங்கினோம். எட்டு அங்குல ஒலிபெருக்கி ஒன்று. டிடிஏ 7294 என்னும் சில் பொருந்திய ஆம்ப்ளிபயர் பலகை ஒன்று. வினாடிக்கு 100 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தடுத்துத் தாழ்ந்தவற்றை மட்டும் விடும் வடிகட்டிப் பலகை ஒன்று. 24-0-24 டிரான்ஸ்பார்மர் ஒன்று. பெட்டிக்கு வேண்டும் பலகையைத் திருப்பூரில் அறுத்துவாங்கினோம்.

பெட்டி எதற்கு என்று நேயர் வினவலாம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்பொழுது பின்னே இழுக்கின்றது. வினாடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலை ஏறத்தாழ எட்டரை மீட்டர் நீளமுடையது. அத்தகைய அலைக்கு ஒரு சாண் அகலமுள்ள கூம்பு எம்மாத்திரம்? பின்னலை சுற்றிவந்து முன்னலையை அழித்துவிடும். பின்னலையைச் சிறைசெய்தற்கே பெட்டி. மூடிய பெட்டியினுள் அகப்பட்ட காற்று கூம்பிற்கு வில்போல் நிற்பதைப் பயன்கொண்டு, அமெரிக்கராகிய எட்கர் வில்சர் 1954-இற் சிறு பெட்டியிலும் ஆழ்ந்த ஒலி பெறலாமெனக் காட்டினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்டு ஸ்மால் 1970-களிலும் வெளியிட்ட கணக்குகளைக்கொண்டே இன்று பெட்டியின் கொள்ளளவை வகுக்கின்றனர்.

எம் ஒலிபெருக்கிக்கு 25 லிட்டர் கொள்ளளவு வேண்டியிருந்தது. 30, 30, 28 சென்டிமீட்டர் என அளவிட்டோம். பெருக்கினால் 25 லிட்டருக்குச் சற்று மேல் வரும். மகிழ்ச்சியோடு பெட்டியை ஒட்டி முடித்தோம். ஒலித்தபோதோ ஆழமில்லை, ஒரு சுருதியில் மட்டும் குடத்தினுள் பேசுவது போல் முழங்கிற்று. மூன்று நாள் மின்சுற்றைக் குறைகூறினோம். நான்காம் நாள் தந்தையார் நூல்பிடித்து அளந்து, “பலகைக் கனத்தை எங்கே விட்டீங்க?” என்று கேட்டார். யாம் வெளியளவைக் கணக்கிட்டிருந்தோம்! 18 மில்லிமீட்டர் பலகை இருபுறமும் உண்டது போக உள்ளே நின்றது 17 லிட்டரே. மூன்றிலொரு பங்கு காற்று எம் அறியாமையால் மறைந்தது. கணிதம் பயிலும் யாம் நாணினோம். தறியில் ஒரு நூலையும் கணக்கின்றி விடாத கை அவருடையது.

இரண்டாம் பெட்டியைத் தந்தையாரே அளந்தார். இணைப்புகளிற் காற்றுக் கசியாதவாறு பசையிட்டவரும் அவரே. பின்னர் வேறோர் இடையூறு தோன்றிற்று. பாட்டில்லாதபோதும் பெட்டி ‘உம்’ என்று முனகியது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுடையது. அவ்வதிர்வு தாழொலிப் பெட்டியின் எல்லைக்குள்ளேயே விழுவதால், சிறு கசிவும் பேரொலியாகக் கேட்கும். ஒலி வரும் கம்பியை டிரான்ஸ்பார்மரினின்று விலக்கி, எர்த்துக் கம்பிகளையெல்லாம் ஒரே புள்ளியிற் சேர்த்தோம். முனகல் அடங்கிற்று.

ஒரு ஞாயிறு மாலை, சுவர் மூலையிற் பெட்டியை வைத்து, உயர்ந்த ஒலிகளுக்கு வீட்டிலிருந்த இரு சிறு ஒலிபெருக்கிகளைத் துணைக்கொண்டு, அத்திருவிழாப் பதிவை ஒலிப்பித்தோம். தந்தையார் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். திடுமம் முழங்கியதும் அவர் நிமிர்ந்தார். “நெஞ்சுக்குள்ள அடிக்குதப்பா” என்றார். தாயார் அடுக்களையினின்று வந்து நின்றவர், ஒன்றும் பேசாது திரும்பிச் சென்றார்.

இவ்வளவில் முடித்திருந்தால் கதை இனிதாயிருக்கும். மறுநாட் பகலில் அடுத்த வீட்டு அக்கா வந்தார். பனியன் கம்பெனியில் இரவுவேலை பார்ப்பவர், பகலிலேதான் உறங்குவார். “தம்பி, பாட்டுக் கேக்கலை, சுவருதான் அடிக்குது” என்றார். உயர்ந்த ஒலியைச் சுவர் பெரும்பாலும் தடுக்கும். தாழ்ந்த ஒலியோ அதனை ஊடுருவும். இதனை நூலிற் படித்திருந்தும் அவரது உறக்கத்தை யாம் நினைத்திலோம். இரைச்சலால் ஒருவர் இழந்ததை ஈடுசெய்யப் புகுந்து, மற்றொருவர்க்கு இரைச்சலாயினோம்.

தந்தையாரிடம் இதனைத் தெரிவிக்க அஞ்சினோம். அவரோ கேட்டவுடன் எழுந்து பெட்டியின் திருகைத் தாமே தணித்தார். பெட்டியை அச்சுவரினின்று பெயர்த்து, தம் கட்டிலருகே தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைக்கச் செய்தார். அண்மையிலிருப்பதால் குறைந்த ஒலியே அவர்க்குப் போதுமாயிற்று. அக்கா வேலைக்குச் சென்ற பின்னரே இப்பொழுது பெட்டி பேசுகின்றது.

கல்லூரி விடுமுறையில் வீடு செல்லும்போதெல்லாம் அக்காட்சியைக் காண்கின்றோம். தெருவில் நிற்பார்க்கு ஒன்றுங் கேளாது. உள்ளே, மரப்பெட்டியின்மேல் ஒரு கை. அக்கையின் விரலொன்று தாளமிட்டுக்கொண்டிருக்கும்.