பீப்பாய் ஒயிலும் பித்தளை வளையமும்

அட்டாளைச்சேனைப் பக்கத்துக் கராஜ்களுக்குச் சோறு போடுவது உழவு மெசின்தான். பெரும்போகத்து விதைப்பு நெருங்கினால் கிளட்ச் தேய்ந்தது, கியர் சிக்கியது என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். நெல் ஏற்றும் லொறிகள் மீதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இங்கே கியர் ஒயில் என்றால் மூலையில் நிற்கும் இரும்புப் பீப்பாய்தான், அதன் வயிற்றில் 90 அல்லது 140 என்று இலக்கம் எழுதியிருக்கும். வாளியில் பிடித்து, புனல் வைத்து ஊற்றுவார்கள். லொறியின் பின்னச்சுக்கு அது போதும்.

நான் போயிருந்த கராஜில் அன்றைக்கு மெசின்களுக்கு நடுவே ஒரு ஹொண்டா சிவிக் நின்றது. தொண்ணூறுகளில் வந்த ஈகே வகை. இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இத்தகைய பழைய கார்களை உயிரோடு வைத்திருந்தது கராஜ்காரர்களின் கைதான். இந்தக் காரின் 1.5 லீற்றர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, இன்டெக்ரா டைப் ஆரின் 1.8 லீற்றர் எஞ்சினை உட்காரவைத்திருந்தார்கள். ஜப்பானில் அந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட வலு 200 குதிரை. நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டிப் பாடும். எஞ்சினோடு அதன் ஐந்து கியர்ப் பெட்டியும் வந்திருந்தது.

நோய் இதுதான்: சுற்றை ஏற்றி இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது 'கர்ர்ர்' என்று பல் உரசும். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் இல்லை.

மெக்கானிக் காக்கா படுத்தபடி நுழைந்து முதலில் பக்கவாட்டு நட்டைத் திறந்தார், பிறகுதான் அடி நட்டுக்குப் போனார். அந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. ஒயிலை வடித்துவிட்ட பிறகு ஊற்றும் துவாரம் திறக்காமல் இறுகி நின்றால், வண்டி அந்த இடத்திலேயே முடங்கிவிடும். அடி நட்டின் நுனியில் காந்தம். அதில் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருந்ததை விரலில் வழித்து, பக்கத்தில் நின்ற கார்க்காரத் தம்பிக்குக் காட்டினார். இந்தத் தூள் எந்தப் பெட்டியிலும் இருக்கும். சில்லுச் சில்லாக இரும்பு வந்தால்தான் பயப்பட வேண்டும். ஆனால் தட்டில் விழுந்த ஒயிலை வெயிலில் சாய்த்தபோது பொன் நிறத்தில் நுண்ணிய மினுக்கம் ஓடியது. காந்தத்தில் ஒட்டாத உலோகம், பித்தளை. ஒயிலும் தேன்போலத் தடித்து வடிந்தது, கந்தக நெடி மூக்கில் ஏறியது.

"இதுக்கு ஆரு மெசின் ஒயில் விட்ட?"

"பவர் கூட்டின காருக்குத் தடிச்ச ஒயில்தான் நல்லம் எண்டாங்க காக்கா."

"பல்லுக்கு நல்லம்தான் தம்பி. அந்த றிங் அதப் பிழிஞ்சி தள்ள வேணுமே."

இந்த ஒற்றைப் பதிலில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. கியர் மாற்றும் கணத்தில் பல்சக்கரம் ஒரு வேகத்திலும் அச்சு வேறொரு வேகத்திலும் சுழல்கின்றன. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சின்க்ரோனைசர் என்ற வளையம். பெரும்பாலும் பித்தளைக் கலவையால் ஆனது, உட்புறத்தில் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அந்த வளையம் பல்சக்கரத்தின் கூம்பின்மேல் அழுந்தி, வரிகளின் வழியே ஒயில் படலத்தை வெளியே தள்ளி, உராய்ந்து பிடிக்க வேண்டும். அதாவது, பற்களுக்கு வழுக்கல் வேண்டும், வளையத்துக்கு உராய்வு வேண்டும். ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஒரே ஒயில் இரண்டையும் கொடுத்தாக வேண்டும். பணம் செலவழித்து வாங்கும் போத்தலில் நாம் தேடுவது இந்தச் சமநிலையைத்தான்.

போத்தலில் அச்சிட்ட ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற குறிகளை இளைஞர்கள் பலர் ஏணிப்படியாக வாசிக்கிறார்கள், ஐந்து என்றால் நான்கைவிட ஒரு படி மேல் என்று. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் இந்த வகைப்பாடு வேலையைச் சொல்கிறது, உயர்வு தாழ்வைச் சொல்லவில்லை. லொறியின் பின்னச்சில் பினியன் பல், கிரவுன் சக்கரத்தின் மையத்திலிருந்து விலகி, அழுத்தத்தோடு பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே ஓடும். ஹைப்பொயிட் என்பது அந்த அமைப்பு. அந்த அழுத்தத்தில் ஒயில் படலம் கிழிந்துவிடும். அப்போது கந்தக, பொஸ்பரஸ் சேர்மங்கள் இரும்போடு வினைபுரிந்து ஒரு காப்புத் தோலை உண்டாக்குகின்றன. ஜிஎல்-5 ஒயிலில் இந்தச் சேர்மங்கள் ஜிஎல்-4இல் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வீரியமான கந்தகம் சூட்டில் செம்புக் கலவைகளை அரிக்கும். இதைச் சோதிக்கவே செம்புத் தகட்டை ஒயிலில் அமிழ்த்தி 121 பாகை செல்சியசில் 3 மணி நேரம் சூடாக்கிப் பார்க்கும் முறை இருக்கிறது. இன்றைய ஜிஎல்-5 ஒயில்கள் பல, அரிப்பை அடக்கும் சேர்மங்களோடு வருகின்றன, அதை மறுக்க முடியாது. ஆனாலும் வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கிவிடும் சிக்கல் அப்படியே நிற்கிறது.

இந்த சிவிக்கின் பெட்டியில் ஹைப்பொயிட் பல்லே கிடையாது. எஞ்சின் குறுக்காகக் கிடப்பதால் கடைசிச் சக்கரம்வரை எல்லாம் சாய்வுப் பல். ஹொண்டா தன் பெட்டிகளுக்கு எம்டிஎஃப் என்ற சொந்த ஒயிலைச் சொன்னது. அது கிடைக்காவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 எஞ்சின் ஒயிலை விடலாம் என்று அந்தக் காலக் கைநூலில் இருந்தது. 100 பாகையில் 30 இலக்க எஞ்சின் ஒயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 வரை. 140 இலக்க கியர் ஒயிலுக்கு அது 24க்குக் குறையாது. இரு மடங்குத் தடிப்பு! கியர் ஒயிலுக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் இலக்கமிடும் அளவுகோல் வேறு வேறு. 90 இலக்க கியர் ஒயிலின் தடிப்பு 40, 50 இலக்க எஞ்சின் ஒயிலின் தடிப்புக்குள் வந்துவிடும். இது தெரியாமல் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார்.

அப்படியானால் ஜிஎல்-5 எந்தக் காரின் பெட்டிக்கும் ஆகாதா? சுபாரு இம்ப்ரெசா வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிவிடக் கூடாது. அதன் ஐந்து கியர்ப் பெட்டியும் முன் டிஃபரன்ஷலும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன, அந்த டிஃபரன்ஷல் ஹைப்பொயிட். ஆகவே கம்பனியே ஜிஎல்-5 75டபிள்யூ-90 கேட்கிறது, அதன் வளையங்களும் அந்த ஒயிலுக்கேற்பச் செய்யப்பட்டவை.

வலு கூட்டிய காருக்குக் கொஞ்சம் தடிப்பு வேண்டும் என்ற எண்ணத்தில் நியாயமும் உண்டு. 200 குதிரை இழுக்கும்போது பல்லின்மேல் அழுத்தம் கூடும், நீண்ட நேரம் விரட்டினால் ஒயில் சூடேறி இளகும். அத்தகைய ஓட்டத்துக்கு ரெட் லைன் எம்டி-90 போன்ற, ஜிஎல்-4 தரத்து 75டபிள்யூ-90 ஒயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வளையத்தின் உராய்வை மனதில் வைத்தே செய்யப்பட்ட ஒயில் அது. ஆனால் ஓடும் இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 75டபிள்யூ என்ற குறி மைனஸ் 40 பாகையில் சோதித்து வழங்கப்படுவது. அட்டாளைச்சேனைக் கடற்கரையில் அந்தக் குளிருக்கு வேலையில்லை. அதே காரை மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்காக நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் கதை மாறும். அங்கே ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில், விடியற்காலைக் குளிரில், தடித்த ஒயில் போட்ட பெட்டி முதல் சில கிலோமீற்றருக்கு இரண்டாம் கியரைத் தரவே மறுக்கும்.

எஞ்சின் மாற்றிய கார்களில் இன்னொரு பொறி இருக்கிறது. காரின் கைநூல் சொல்வது கம்பனியில் பூட்டிய பெட்டியை, உள்ளே கிடப்பதோ வேறு பெட்டி. ஈகே சிவிக்கின் சாதாரணப் பெட்டிக்கு ஒயில் 1.8 லீற்றர், இந்த இன்டெக்ரா வகைப் பெட்டிக்கு ஏறக்குறைய 2.2 லீற்றர். கைநூலை நம்பி அளந்து ஊற்றியிருந்தால் குறைந்திருக்கும். காக்கா அளக்கவில்லை. காரை நான்கு பக்கமும் சமமாக உயர்த்தி, பக்கவாட்டுத் துவாரத்தின் விளிம்பைத் தொட்டு வழியும்வரை ஊற்றினார். வாகனத்தைப் பார்த்து ஒயில் கேட்காமல் பெட்டியைப் பார்த்துக் கேட்கும் இந்தப் பழக்கம், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பழைய பெட்டிகளைப் பல ஆண்டாகப் பூட்டிப் பழகிய கைகளுக்கே வரும்.

அன்று ஊற்றியது எம்டிஎஃப்தான். மடிப்புகளில் தங்கியிருக்கும் பழைய ஒயில் புதியதோடு கலந்துவிடும் என்பதால், ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு இன்னொரு தரம் மாற்றச் சொன்னார். தேய்ந்த வளையத்தை எந்த ஒயிலும் வளர்க்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அதற்குப் பிறகும் மூன்றில் உரசினால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான்.

தம்பிக்கு அடுத்த ஆசை, தட்டு வகை எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷல்) பூட்டுவது. டைப் ஆரின் பெட்டியோடு வருவது சாய்வுப் பல் வகை, அதற்குத் தனி ஒயில் தேவையில்லை. தட்டு வகையில் உராயும் தட்டுகள் பெட்டியின் ஒயிலிலேயே கிடக்கும், அவற்றின் தூளும் அதற்குள்ளேயே சுற்றும். எல்எஸ்டி செய்த கம்பனி சொல்லும் ஒயிலை வளையமும் தாங்க வேண்டும், மாற்றும் இடைவெளியும் சுருங்கும். "மறுகா ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தோணும், அந்தக் காசையும் சேத்துக் கணக்குப் பாத்துட்டு வா" என்றார் காக்கா, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மெசினின் கிளட்ச் மூடியைக் கழற்றப் போகையில்.