பேர்ட்ஸ்வில் பாதையும் பேசும் பெட்டியும்

தென் அவுஸ்திரேலியாவிலே மரீ என்றொரு சிற்றூர் உண்டு. முன்னாளில் புகையிரதம் வந்து நின்ற ஊர் அது. ஒட்டகங்களோடு கடல் கடந்து வந்த 'ஆப்கானியர்' மண்ணாலே பள்ளிவாசல் எழுப்பி, பேரீச்ச மரங்களை நட்டு வாழ்ந்ததும் அங்கேதான். பெயர் ஆப்கானியர் என்றாலும், அவ்வாறு அழைக்கப்பட்டோருட் பலர் பஞ்சாப், பலூச்சிஸ்தான் முதலிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதை நம்மவர் அறிந்திருத்தல் நன்று. அவ்வூரின் எல்லையிலிருந்து வடதிசை நோக்கி, குவீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள பேர்ட்ஸ்வில் வரை, 517 கிலோமீற்றர் நீளத்திற்கு மண்ணும் கல்லுமான ஒரு பாதை கிடக்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குள்ள தூரத்தினும் அது அதிகம். ஆனால் நமது கண்டி வீதியைப்போல் வழிநெடுக ஊர்களும் தேநீர்க் கடைகளும் இல்லை. இடைவழியில் முங்கெரானி என்னுமிடத்தில் ஒரு விடுதி; மற்றும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலே சில மாட்டுப் பண்ணைகள். எஞ்சியதெல்லாம் வானமும் கல்லுமே.

இப்பாதையிலே 1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு குடும்பம் மாண்டது. இங்கிலாந்திலிருந்து குடியேறிய தாய், தந்தை, மூன்று ஆண் மக்கள் ஆகிய ஐவரும் சாதாரண மோட்டார் வண்டியொன்றிற் சென்று, வழி தவறி, பெற்றோல் தீர்ந்து, வண்டியை விட்டிறங்கி நடந்தனர். அங்கே டிசம்பர் என்பது கோடையின் உச்சம். அவர்கள் தாகத்தால் இறந்தனர். எத்தனை உரக்கக் கூவினும் கேட்பதற்கு எவருமில்லாத நிலம் அது. மெல்பேணிலும் சிட்னியிலும் வாழும் நம் உறவினர் பலர் இந்நாளில் நான்கு சில்லும் இழுக்கும் வண்டிகளை வாங்கி, பிள்ளைகளோடு உள்நாட்டைப் பார்க்கப் புறப்படுகின்றனர். "கைத்தொலைபேசி இருக்கின்றதே" என்பது அவர்களுடைய முதல் நம்பிக்கை. அந்தப் பாதையின் பெரும்பகுதியில் அக்கருவிக்கு அலை கிடைப்பதில்லை.

ஆகவே பேசும் பெட்டி ஒன்று வேண்டும். எந்தப் பெட்டி என்பதே வினா. இதற்கு விடை கூறுமுன், அந்நாட்டின் தனித்த வீடுகளுக்குக் குரல் வந்த கதையைச் சற்றுக் கேட்பீராக.

ஜோன் ஃபிளின் என்னும் சமய குரு, 1928ஆம் ஆண்டு மே மாதத்தில், குவீன்ஸ்லாந்தின் குளோன்கரி நகரிலே ஆகாய விமான வைத்திய சேவையைத் தொடக்கி வைத்தார். விமானமும் உண்டு, வைத்தியரும் உண்டு; ஆயினும் நோயாளி இருக்கும் செய்தி வைத்தியருக்கு எட்டுவது எவ்வாறு? மின்சாரமில்லாத பண்ணைகளில் கம்பியில்லாத் தந்தியை இயக்குவது எவ்வாறு? அடிலெயிட் நகரத்து அல்ஃபிரட் திரேகர் என்பார் இதற்கு வழி கண்டார். சைக்கிள் மிதியினாலே சுழலும் ஒரு மின்பிறப்பாக்கியை அவர் அமைத்தார். ஒருவர் களைப்பின்றி மிதித்தால் ஏறக்குறைய 20 வாட் மின்சாரம் கிடைத்தது. காலால் மிதிப்பதனால் கைகள் இரண்டும் செய்தி அனுப்புவதற்கு ஓய்வாயிருந்தன. அதுவே இவ்வமைப்பின் நுட்பம். 1929இல் அகஸ்தஸ் டவுன்ஸ் என்னும் பண்ணையில் முதற் கருவி பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் மோர்ஸ் குறிகளே சென்றன. பண்ணைப் பெண்களுக்கு அக்குறிகள் தொல்லையாக இருக்கவே, எழுத்தை அழுத்தினால் அதற்குரிய குறி தானே செல்லும் தட்டச்சுப் பலகையையும் திரேகர் செய்து கொடுத்தார். சில ஆண்டுகளில் மனிதக் குரலே செல்லலாயிற்று.

அதன் பின் நிகழ்ந்தது ஒரு சமூக விந்தை எனலாம். வைத்தியரின் வேலை முடிந்தபின், நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் வாழ்ந்த பெண்கள் குறித்த வேளையிலே கருவியின் முன் அமர்ந்து ஊர்க்கதை பேசினர். கூட்டமாய்க் கத்தும் காலா என்ற கிளியின் பெயரையே அந்த அரட்டைக்கு ஆண்கள் சூட்டினர். ஒருவர் பேசுவதை எல்லோரும் கேட்கலாம். இரகசியம் என்பது இல்லை. நம் கிராமத்துக் கிணற்றடியை நினைத்துக்கொள்ளுங்கள். 1951இல் அலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளிக்கூடமும் தொடங்கியது. இப்போது அப்பள்ளி இணைய வழிக்கு மாறிவிட்டது.

இக்கதையிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பண்ணையிலிருந்து எழுந்த குரலை, குளோன்கரியில் ஒருவர் காத்திருந்து கேட்டார். பெட்டி வாங்குவோர் மறந்துவிடுவது அந்த மறுமுனையைத்தான். வியாபாரிகள் வாட் கணக்கையும் கிலோமீற்றர் கணக்கையும் சொல்வார்கள். அங்கே கேட்பவர் யார் என்பதைச் சொல்லார்.

இன்று அவுஸ்திரேலியாவிலே வண்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது, 477 மெகாஹேர்ட்ஸ் அளவில் இயங்கும் பொதுமக்கள் வானொலி. ஆள்வாரியான அனுமதிப்பத்திரமோ கட்டணமோ இதற்கு வேண்டியதில்லை. 80 அலைவரிசைகள் உள. வலு 5 வாட்டுக்கு மேற்படலாகாது. 40ஆம் அலைவரிசை நெடுஞ்சாலை லொறிச் சாரதிகளுடையது. ஐம்பது மீற்றருக்கும் மேல் நீளமுள்ள லொறித் தொடர் ஒன்று, புழுதியைக் கிளப்பிக்கொண்டு முன்னே செல்லும்போது, அதனை முந்துதல் உயிரோடு விளையாடுவதாகும். 40இல் அழைத்துக் கேட்டால், எதிரே வழி வெறுமையா என்பதைச் சாரதியே சொல்லிவிடுவார். பண்ணைகளில் மாடு சாய்க்கும்போது ஹெலிகொப்டரும் மோட்டார்ச் சைக்கிளும் தம்முள் பேசிக்கொள்வதும் இக்கருவியினாலேயே. 5, 35 ஆகிய இரண்டும் ஆபத்து வேளைக்கு மட்டுமே எனச் சட்டம் ஒதுக்கியுள்ளது. ஆனால் ஒதுக்கப்பட்டிருப்பதும் ஒருவர் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல.

இவ்வலை பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தளவே செல்லும். இரண்டு வண்டிகளிலும் கம்பம் இரண்டு மீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், பூமியின் வளைவு சமவெளியிலே பதினொரு, பன்னிரண்டு கிலோமீற்றருக்கப்பால் குரலை மறைத்துவிடும். பேர்ட்ஸ்விலுக்கு மேற்கே 'பிக் றெட்' எனப்படும் செம்மணற் குன்று ஏறக்குறைய 40 மீற்றர் உயரமானது. அதன் உச்சியில் நின்று பேசினால், அதே கருவி ஏறத்தாழ 30 கிலோமீற்றரை எட்டக்கூடும். வலுவைக் கூட்டிப் பயனில்லை, உயரமே பயன்.

அக்குன்றிலிருந்து மேற்கே விரிவது சிம்சன் பாலைவனம். ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட மணல் வரம்புகள், உழுத வயலின் சால்களைப்போல ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு கிடக்கின்றன. மேற்கு நோக்கிச் செல்லும் வண்டி ஒவ்வொன்றையும் ஏறி இறங்க வேண்டும். ஏறும் வேகத்தில் மறுபுறத்தே வருபவர் தெரியார். ஆதலின் வண்டியின் முன்னே உயர்ந்த கோலிற் கொடி கட்டுவர். உச்சியை அணுகுமுன் 10ஆம் அலைவரிசையிலே தம் வரவை அறிவிப்பர். இங்கே பேசும் பெட்டி அரட்டைக்கன்று, மோதாமைக்கு.

கையிலே பிடிக்கும் சிறு கருவியை வாங்குவதா, வண்டியிற் பொருத்துவதை வாங்குவதா எனின், என் எண்ணத்தில் வண்டிக்குப் பொருத்திய கருவியே முதன்மை. இரும்புக் கூட்டினுள்ளே இருந்து பேசும் கைக்கருவியின் அலை பாதி அங்கேயே அடங்கிவிடும். வண்டியை விட்டிறங்கி, மணலில் வழி பார்க்கச் செல்பவருக்கும் பின்னோக்கி வண்டியை நடத்துபவருக்கும் கைக்கருவி உதவும். விளையாட்டுப் பொருள்போல் விற்கப்படும் அரை வாட் பெட்டிகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். புழுதியும் நீரும் புகாத தன்மை, வண்டியின் 12 வோல்ற் மின்சாரத்தில் பற்றறியை ஏற்றும் வசதி ஆகிய இரண்டையும் பார்த்து வாங்குக.

கம்பத்தைத் தேர்வதிலே பலர் ஏமாறுகின்றனர். ஒரே அளவு எண்ணெயை எரிக்கும் இரு விளக்குகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று மேலும் கீழும் சுற்றிலும் ஒளியைச் சிதறும். மற்றது ஒளியைத் தட்டையாக நெருக்கித் தொலைவுக்கு அனுப்பும். 6 டெசிபெலும் அதற்கு மேலுமான நெடிய கம்பம் இரண்டாவது விளக்கைப் போன்றது, சமவெளிக்கே ஏற்றது. மலைநாட்டிலே அவ்வலை பள்ளத்திலுள்ளவரின் தலைக்கு மேலே கடந்துபோய்விடும். அங்கே 3 டெசிபெல் அளவான குட்டைக் கம்பமே போதும். அன்றியும் நெடிய கம்பம் அலை அலையான கரடுப் பாதையிற் குலுங்கி முறியவுங்கூடும்.

இவையெல்லாம் பக்கத்து வண்டியோடு பேசுவதற்கு. நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கப்பாலுள்ள வைத்தியரையோ பொலிசாரையோ அழைக்க வேறு கருவி வேண்டும். திரேகர் காலத்துச் சிற்றலை வானொலி வானத்து மேலடுக்கிலே பட்டுத் திரும்பி, வெகு தூரத்தில் இறங்கும். அதைக் கையாளப் பயிற்சி வேண்டும், பகலுக்கு ஓர் அலைவரிசை, இரவுக்கு வேறு, விலையும் அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலாச் செல்லும் குடும்பத்திற்கு, செய்மதித் தொலைபேசியொன்றை வாடகைக்கு எடுப்பதும், 406 மெகாஹேர்ட்ஸில் அபாயக் குறி அனுப்பும் சிறு கருவியொன்றைப் பையில் வைத்திருப்பதும் மேல். அக்குறியைச் செய்மதி கேட்டு மீட்பு நிலையத்துக்குத் தெரிவிக்கும். மறுமுனையிலே ஆள் உண்டு. உதவி வரும்வரை வண்டியைவிட்டு அகலாதிருத்தல் வேண்டும். விமானத்திலிருந்து தேடுவோரின் கண்ணுக்கு மனிதனைக் காட்டிலும் வண்டியே எளிதிற் புலப்படும்.

தென் அவுஸ்திரேலிய அரசாங்கம் சிம்சன் பாலைவனத்தின் தன் பகுதியை டிசம்பர் 1ஆம் திகதி தொடக்கம் மார்ச் 15ஆம் திகதி வரை அடைத்துவிடுகின்றது. நத்தார் விடுமுறைக்கு அங்கே போகலாம் என்று திட்டமிடும் உறவினர் இதனை முதலில் அறிதல் வேண்டும்.

அங்கிருந்து வரும் மருமக்கள், "கடையில் மலிவாய்க் கிடைத்தது" என்று ஒரு சோடி கைக்கருவிகளை நம் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொண்டு வருவதுண்டு. அவுஸ்திரேலியாவிலே தடையின்றிப் பேச இடமளிக்கும் அந்த அலைவரிசை இலங்கையிலே அவ்வாறு திறந்துவிடப்பட்டதன்று; தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி இங்கே அதனை இயக்குதல் சட்டத்துக்கு மாறானது. பரிசு வேறு ஏதேனும் கொண்டுவரச் சொல்லி எழுதிவிடுங்கள்.