காக்கா!

பையனுக்கு 2 வயசு முடிஞ்சும் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார் மாமியார். (அதற்கும் சேர்த்து இவர் இப்போது பேசித் தீர்க்கிறார் என்பது வேறு விஷயம்!) டாக்டரோ, "எதுக்கும் காது டெஸ்ட் பண்ணிடுங்க. வெளியே கூட்டிட்டுப் போய் நிறையப் பேச்சுக் கொடுங்க" என்றார். காது நன்றாகவே கேட்கிறது என்று தெரிந்த அன்று இரவுதான் நான் தூங்கினேன்.

ஆரம்பித்தது ஊர்சுற்றல். இவர் லீவு போட்டு வண்டலூர் ஜூவுக்கு அழைத்துப் போனார். கேட் பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறையாம்! மறுபடி ஞாயிறன்று போய் வெள்ளைப்புலியைக் காட்டினோம். பையன் ஐஸ்கிரீம் வண்டியையே பார்த்தான். ஜனவரியில் வேடந்தாங்கல். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை என்று நான் டீச்சர் மாதிரி ஒப்பிக்க, அவன் என் தோளிலேயே தூங்கிவிட்டான்.

கடைசியில் நடந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் நம்ம சிட்லபாக்கம் ஏரியில்! 2019-ல் ஊர் ஜனங்களே இறங்கிக் குப்பை அள்ளினார்களே, அதே ஏரி. சாயங்காலம் கரையில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு நீர்க்காகம் நனைந்த இறக்கையை விரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தது. பையன் விரலை நீட்டினான்.

"காக்கா!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவரோ, "காக்கா இல்லடா கண்ணா, நீர்க்காகம்" என்று திருத்தப் போனார்.

"நீங்க சும்மா இருங்க!" என்றேன், அழுதுகொண்டே.

'அம்மா' வர இன்னும் 3 வாரம் ஆனது. அதுவும் தெருவில் ஐஸ்கிரீம் வண்டி வந்தபோதுதான்!