பத்துச் சிகரங்களின் அடியில் ஒரு மணக்கோலம்

கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரின் மடியில் அமைந்துள்ளது பான்ஃப் தேசியப் பூங்கா. அதனுள், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,880 மீட்டர் உயரத்தில், பத்துச் சிகரங்கள் வரிசையாய்க் காவல் நிற்க, அவற்றின் காலடியில் விரிந்து கிடக்கிறது மொரெய்ன் ஏரி. கனடாவின் 1969 ஆம் ஆண்டு வரிசை 20 டாலர் நோட்டின் பின்புறத்தை அலங்கரித்தது இவ்வேரியே.

இன்று வேறொரு வகையிலும் இதன் பெயர் பரவியிருக்கிறது. உற்றார் உறவினர் எவருமின்றி, இருவர் மட்டும் விடியற்காலையில் இங்கு வந்து, மணம் முடித்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். 'எலோப்மென்ட்' என்று இதற்குப் பெயர். வீட்டாருக்குத் தெரியாமல் ஓடிப்போதல் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். நம் சங்கப் புலவர்கள் 'உடன்போக்கு' என்றனரே, ஏறத்தாழ அதுதான். 1754 இல் இங்கிலாந்தில் திருமணச் சட்டம் கடுமையானபோது, பெற்றோர் ஒப்புதல் கிடைக்காத இளையோர் எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஓடினர். இன்றோ பெற்றோரின் வாழ்த்தைப் பெற்றுக்கொண்டே செல்வோரும் உண்டு. கூட்டத்தையும் செலவையும் தவிர்ப்பதே பலருடைய நோக்கம். ஊரையே அழைத்துப் பிரியாணி ஆக்கிப் போட்டுக் கடனாளியாகும் நம் மஹல்லாக் கல்யாணங்களை எண்ணும்போது, அவர்களைப் பழிக்க நா எழவில்லை.

ஆனால் கூட்டமில்லாத அந்த எளிய கல்யாணத்துக்குத்தான் எத்தனை திட்டம் வேண்டியிருக்கிறது!

முதலில் பருவம். ஏரிக்குச் செல்லும் மலைப்பாதை ஜூன் தொடக்கம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி மூடிவிடும். 2023 முதல் அப்பாதையில் சொந்த வாகனங்களுக்கு அனுமதியில்லை. பூங்கா நிர்வாகத்தின் பேருந்திலோ உரிமம் பெற்ற நிறுவனங்களின் வண்டியிலோதான் செல்லவேண்டும். விடியுமுன் புறப்படும் வண்டிகளும் உண்டு. ஆனால் இருக்கையை முன்பதிவு செய்யாவிட்டால், மணப்பெண்ணேயானாலும் வழியில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்து ஒளி. ஜூன் இறுதியில் சூரியன் ஏறத்தாழ 5.30 மணிக்கும், செப்டம்பர் இறுதியில் 7.30 மணியளவிலும் உதிக்கிறது. வடக்கே வெகுதூரம் தள்ளிய நிலம் இது. ஜூன் மாதத்தில் இங்கு முழு இருள் கவிவதேயில்லை. நள்ளிரவிலும் வடவானில் மங்கிய வெளிச்சம் தங்கியிருக்கும். (அங்கு வாழும் முஸ்லிம்களுக்கு இஷா நேரத்தையும் சுப்ஹு நேரத்தையும் கணக்கிடுவதே ஒரு தனி ஆராய்ச்சி!) கதிர் முதலில் தொடுவது சிகரங்களின் உச்சியையே. பாறை முகங்கள் ரோஜா நிறம் பெற்றுப் பின் பொன்னிறமாகும். ஏரியோ அவ்வேளையில் நிழலிலேயே உறங்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். நாட்காட்டிகளில் காணும் அந்த நீலப்பச்சை, பனியாறுகள் பாறையை அரைத்துக் கொணரும் மாவு போன்ற துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. வெயில் நீரில் விழுந்தால்தான் அது ஒளிரும். விடியலில் கிடைப்பது கருநீலமும் சாம்பலுமே. முகில் கவிந்து நிழல் அடர்ந்த படங்களை விரும்புவோர்க்கு அதுவே விருந்து. மேகம் முழுதும் மூடிச் சிகரங்களே தெரியாமற் போனாலும் அவர்கள் முகம் சுளிப்பதில்லை. வானிலையை ஏற்றுக்கொள்ளும் அந்தப் பக்குவம் இல்லாதோர் நண்பகலில் வருவதே நலம்.

எங்கு நிற்பது? ஏரியின் வாயிலில் ஒரு பெரும் பாறைக்குவியல் உள்ளது. 1899 இல் இங்கு வந்த வால்டர் வில்காக்ஸ், அது பனியாறு தள்ளிவிட்ட கற்குவியல் என்று கருதியே 'மொரெய்ன்' எனப் பெயரிட்டார். அருகிலுள்ள 'பாபேல் கோபுரம்' என்னும் மலையிலிருந்து சரிந்த பாறைகளே அவை என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது! சிகரங்களும் நீரும் ஒருசேரத் தெரிவது அக்குவியலின் மேலிருந்துதான். ஆகவே தனிமையை நாடி வருவோர் அனைவரும் அங்கேயே கூடிவிடுகின்றனர். கரையோரமாகச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் சிறிது தூரம் நடந்தால் ஓரளவு அமைதி கிட்டும். கோடையிலும் விடியற்குளிர் எலும்பைத் துளைக்குமாதலால், மெல்லிய மணவாடைக்குள் கம்பளியும் காலுக்குத் தடித்த செருப்பும் தேவை.

ஆயினும் இத்திட்டங்களில் என் மனத்தை ஈர்த்தது வேறொன்று. ஆல்பர்ட்டா மாகாணச் சட்டப்படி, மண உரிமத்தை இருவரும் நேரில் சென்று பெறவேண்டும். அது மூன்று மாதமே செல்லும். மணம் நடத்திவைக்கத் தகுதி பெற்ற ஒருவரும், வயது வந்த சாட்சிகள் இருவரும் உடனிருக்க வேண்டும். பூங்காவில் திருமணம் நடத்தத் தனி அனுமதியும் தேவை. ஆக, எவரும் வேண்டாமென்று மலையேறியவர்களும் இரு சாட்சிகளைத் தேடியாக வேண்டும். நிக்காஹ் மஜ்லிஸில் சாட்சிகளின் பெயரைக் கேட்டு எழுதும் நமக்கு இது புதிதல்ல. தாயின் தம்பி, தந்தையின் தோழர் என்று நாம் தேடித் தேடி அமர்த்தும் அவ்விடத்தில், அந்த மலையில் பெரும்பாலும் கையெழுத்திடுபவர் யார் தெரியுமா? படம் எடுக்க வந்த புகைப்படக்காரரும் அவருடைய உதவியாளரும்! நாளை ஒரு மனத்தாங்கல் வந்தால், அவ்விருவரையும் எங்கே தேடிப் போவார்கள்?

அண்ணனையோ தோழியையோ உடன் அழைத்துவரும் மணமக்களும் இருக்கின்றனர். அவர்களுக்குப் பேருந்தில் கூடுதலாக இரண்டு இருக்கைகள் தேவைப்படும், அவ்வளவுதான்.