பாரதி பாட்டும் ஐயாயிரம் ரூபாயும்

நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரின் பாட்டுக்கு ஒரு காலத்தில் சினிமாக்காரர் ஒருவர் சொந்தக்காரராக இருந்தார் என்று சொன்னால், இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

1921-இல் பாரதியார் காலமானபோது செல்லம்மாளிடம் மிஞ்சியது அவர் எழுதி வைத்த பாட்டுகள்தான். வறுமை. புத்தக உரிமை பாரதியாரின் தம்பி விசுவநாதனிடம் போனது. இசைத்தட்டு, சினிமா உரிமையை ஒரு வியாபாரி வாங்கினார், அவரிடமிருந்து ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. மறுவருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்க்க, விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

பாரதி பாட்டு பொதுவாக வேண்டும் என்று எழுத்தாளர்கள் கிளர்ந்தார்கள். 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலைக்கு 5,000. 1955-இல் பாட்டுகள் எல்லோருக்கும் பொதுவாயின.

நல்ல காரியம்தான். ஆனாலும் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறொரு கணக்கும் தோன்றுகிறது. நான் போன பிறகு என் வீட்டுக்காரிக்கு மாதாமாதம் குடும்ப பென்ஷன் வரும். மகாகவியின் மனைவிக்குக் கிடைத்தது, அவர் போய் 28 வருஷம் கழித்து, ஒரே ஒரு தொகை.

ஆங்கிலத்தில் 'காப்பிரைட்' என்றால் படியெடுக்கும் உரிமை. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சிலோ அதற்கு 'எழுதியவரின் உரிமை' என்று பெயர். பாட்டெழுதியவர்களும் இசையமைத்தவர்களும் 1851-இலேயே பாரிஸில் 'சாசெம்' என்ற சங்கம் வைத்து, தங்கள் பாட்டு ஒலிக்கும் இடங்களில் பணம் வசூலித்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். பாரதியார் பத்து வருஷம் வாழ்ந்த புதுச்சேரியும் அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்தான்!

நம் நாட்டில் அப்படியொரு சங்கம், ஐ.பி.ஆர்.எஸ்., 1969-இல் வந்தது. சினிமாப் பாட்டின் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிவிட முடியாது என்று சட்டம் சொன்னது 2012-இல்தான். கல்யாண வீட்டிலும் சாமி காரியத்திலும் பாட்டுப் போட விலக்கு உண்டு. வியாபாரம் நடக்கிற ஹோட்டலுக்கு அது கிடையாது.

"பாட்டுப் போடக்கூடவா பணம்?" என்று கடைக்காரர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்கிறேன். மாவுக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கிறோமே, கொடுக்கத்தான் வேண்டும். பாட்டெழுதியவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், அதுவும் அவர் இருக்கும்போதே.