பெதெஸ்டாவின் 52 நோயாளிகளுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியவர்களே,

உங்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளின் பெயரை அச்சிடுவதில்லை, எண்ணிக்கையை மட்டுமே தருவார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெதெஸ்டாவில் இருக்கும் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் தீவிர இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 52 பேர் நீங்கள். ஜெரால்டு போடி, பக்லி, சாத்தே, எமில் ஃபிரைரைக் ஆகிய நால்வரும் 1966-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வழியாகத்தான் உங்களை அறிவேன். நான் தமிழ்நாட்டில் இரத்தப் புற்றுநோய் வார்டு ஒன்றில் செவிலியர். எங்களிடம் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் உங்களுக்குப் பட்டிருக்கும் கடனை அவர்கள் சார்பில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் காலையில் எல்லாப் படுக்கையிலிருந்தும் வரும் கேள்வி ஒன்றுதான்: "சிஸ்டர், இன்னைக்குக் கவுண்ட் எவ்வளவு?" அவர்கள் கேட்பது நியூட்ரோஃபில் கவுண்ட். நுழையும் கிருமியை முதலில் எதிர்கொண்டு விழுங்குகிற வெள்ளணு அது. இரத்தத்தில் அதன் ஆயுள் ஒரு நாள்கூட நீடிப்பதில்லை. அதனால் நல்ல உடம்பில் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. இரத்தப் புற்றுநோய் அந்த மஜ்ஜையை அடைத்துக்கொள்கிறது. கீமோ கொடுத்தால் புற்றணுக்களோடு நல்ல அணுக்களும் அழிகின்றன. கவுண்ட் சரிகிறது. குடலிலும் தோலிலும் சும்மா கிடந்த நம்முடைய கிருமிகளே இரத்தத்தில் இறங்கிவிடுகின்றன.

உங்கள் காலத்திலும் மருத்துவர்கள் இதை ஊகித்திருந்தார்கள். ஆனால் கவுண்ட் எவ்வளவு இறங்கினால் ஆபத்து, எத்தனை நாள் இறங்கிக் கிடந்தால் ஆபத்து என்று கணக்காகச் சொல்ல உங்கள் இரத்தம் தேவைப்பட்டது. காய்ச்சலிலும் வலியிலும் கிடந்தபோது மீண்டும் மீண்டும் ஊசிக்குக் கை நீட்டினீர்கள். அந்த எண்கள் தெளிவாகப் பேசின. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,000-க்குக் கீழே இறங்கும்போது தொற்று கூடுகிறது. 100-க்குக் கீழே போனால் மிக மிகக் கூடுகிறது. அந்த நிலை நீடிக்க நீடிக்க ஆபத்தும் வளர்கிறது.

உங்கள் கணக்கில் என்னை உலுக்கியது இன்னொன்று. தொற்று வந்த முதல் வாரத்தில் கவுண்ட் ஏறினால் நோயாளி பிழைக்க வாய்ப்பு இருந்தது. கவுண்ட் 100-க்குக் கீழே தொடங்கி, அந்த வாரம் முழுக்க ஏறாமலே இருந்தவர்களில் இறப்பு 80 சதவீதம். அந்த 80 சதவீதத்துக்குள் உங்களில் சிலர் இருந்திருக்கிறீர்கள். உங்கள் கடைசி வாரங்களைத்தான் நாங்கள் பாடமாகப் படிக்கிறோம்.

அந்தப் பாடத்தின் பலனை நான் கண்ணால் பார்க்கிறேன். நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் சீழ் கட்டாது. வீக்கமும் சிவப்பும் சரியாகத் தெரியாது. நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றே அடையாளம். கவுண்ட் 500-க்குக் கீழே இருப்பவருக்கு இரவு இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் 101 காட்டினால் விடியட்டும் என்று நாங்கள் காத்திருப்பதில்லை. பெரிய இரத்தக்குழாயில் பொருத்திய சென்ட்ரல் லைனிலிருந்து ஒரு பாட்டிலுக்கும் கையிலிருந்து ஒரு பாட்டிலுக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு இரத்தம் எடுப்போம். ரிப்போர்ட் வர நாளாகும். அதற்கு முன்பே, ஒரு மணி நேரத்துக்குள், ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் நரம்பில் ஏறியிருக்க வேண்டும். எந்தக் கிருமி என்று தெரியும் முன்பே மருந்தைத் தொடங்கும் இந்த வழியை 1971-ல் பால்டிமோரில் ஸ்டீஃபன் ஷிம்ஃப் குழுவினர் கார்பெனிசிலினும் ஜென்டாமைசினும் கொடுத்துக் காட்டினார்கள். யாருக்கு அப்படிக் காத்திராமல் கொடுக்க வேண்டும் என்பதை உங்கள் கணக்கு முன்பே சொல்லியிருந்தது.

உங்கள் காலத்தவர் இன்னும் சிலருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். ஃபிரைரைக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த அணுக்களை எடுத்து, தீவிர இரத்தப் புற்றுநோயில் தொற்றோடு போராடியவர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். தாங்களே நோயில் கிடந்தவர்கள், முகம் தெரியாத இன்னொரு நோயாளிக்காகத் தங்கள் அணுக்களைக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய தானம் எனக்குத் தெரியாது.

இன்று வெள்ளணுக்களை வளரத் தூண்டும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் 1991-ல் அனுமதி பெற்ற அந்த மருந்து இப்போது எங்கள் வார்டு ஃபிரிட்ஜிலும் உண்டு. பூஞ்சைத் தொற்றுக்கும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் நாங்கள் எல்லோரையும் காப்பாற்றிவிடுவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியிருக்கின்றன. கவுண்ட் ஏறாமலே சிலரை இழக்கிறோம். அப்படி ஒருவர் போகும்போது நீங்கள் என் நினைவுக்கு வருகிறீர்கள். ஆனால் பலருக்குக் கவுண்ட் 0-விலிருந்து 100, 100-லிருந்து 600 என்று ஏறுகிறது. அந்த எண்ணைக் கேட்டதும் ஒரு தாய் கும்பிடுவாள். அந்தக் கும்பிடு உங்களுக்கும் உரியது.

உங்களுக்குக் கிடைக்காத சிகிச்சைக்கு நீங்கள் அடித்தளம் ஆனீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு தெர்மாமீட்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்க்காதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுப் புறப்பட்டு வாருங்கள். வாசலிலேயே "கீமோ நடக்கிறது, காய்ச்சல் வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அந்த 52 பேருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பதே.


ஒரு செவிலியர்